ஐ இல்லாத மொழி

வுப்பர்டாலில் இருந்த தமிழ்ச் சனம் இங்கிலீஷில் எதையாவது எழுதுவிக்க வேண்டுமென்றால் சந்திரகாந்தியிடம்தான் வரும். மானிப்பாய்க்காரி. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் பல வருடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள். ஜெர்மனிக்கு வந்த பிறகு ஒரு சலவைக்கூடத்தில் வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் விட்டு, மறுபக்கம் சூடாக வெளியே வருவதை மடிப்பாள். அவளுடைய சொந்த அசூல் வழக்கே, அகதித் தஞ்சம் கேட்ட வழக்கே, இன்னும் முடியவில்லை. ஆனாலும் யாராவது தங்கள் கதையைக் கொப்பித் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தால், சமையலறை மேசையில் வைத்து அதை இங்கிலீஷாக்கிக் கொடுப்பாள். வழக்கறிஞர்கள் அதை ஜெர்மனில் மாற்றி நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் தமிழ்த் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள். அடுத்தவர்களுடைய கதை தன் அறையில் கிடப்பது அவளுக்குப் பயம்.

1996ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ரஞ்சினி வந்தாள். கைதடியைச் சேர்ந்த தம்பித்துரையின் மனைவி. கையில் தடித்த கடித உறை.

"அக்கா, கோட்டுக்கு டேர்மின் வந்திட்டுது, நாள் குறிச்சிட்டினம். வாற கிழமைக்கு அடுத்த செவ்வாய். லோயர் இதையும் அனுப்பியிருக்கிறா. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒருக்கா பாருங்கோ."

சந்திரகாந்தி தேவாலய மண்டபத்தில் நடக்கிற ஜெர்மன் வகுப்புக்கு ஒன்றரை வருடமாகப் போய்வருகிறாள். கடிதத்தை வாசிக்க முடிந்தது. உறைக்குள் நீதிமன்ற அழைப்பாணை இருந்தது. அதோடு தம்பித்துரையின் வாக்குமூலத்தின் ஜெர்மன் பிரதி, அதன் பின்னால் அவள் கையால் எழுதிய இங்கிலீஷ் தாள். போன ஐப்பசியில் எழுதியது.

ஜெர்மன் பிரதியின் இரண்டாம் பக்கத்தில் அவள் கண் ஒரு வரியில் நின்றது. திரும்ப வாசித்தாள். 'படைவீரனான என் தம்பி சுட்டான்' என்று இருந்தது.

தம்பித்துரையின் தம்பி படைவீரன் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு நாவற்குழிப் பக்கம் சைக்கிளில் போனபோது ஒரு ஆமிக்காரனால் சுடப்பட்டுச் செத்தவன். பத்தொன்பது வயது. அந்தச் சாவிலிருந்துதான் தம்பித்துரையின் கதையே தொடங்குகிறது.

பின்னால் இருந்த தன்னுடைய இங்கிலீஷைப் புரட்டினாள். அவள் எழுத்து. 'My brother the army man shot.'

தம்பித்துரை தமிழில் எழுதித் தந்தது அவளுக்கு நினைவிருந்தது. 'என்ர தம்பியை ஆமிக்காரன் சுட்டவன்.' அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதே வரிசையில் வைத்திருக்கிறாள். தம்பி முதலில், ஆமிக்காரன் அடுத்தது, சுட்டது கடைசியில். தமிழில் தம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்த 'ஐ' மட்டும் வரவில்லை. இங்கிலீஷில் அப்படி ஒட்ட ஒன்றும் இல்லை.

"என்ன அக்கா, பிழை ஏதும் இருக்கோ?"

சந்திரகாந்தி தாளை மடித்தாள். "இல்லை. கொஞ்சம் வடிவா வாசிக்க வேணும். ரெண்டு நாள் என்னட்டை இருக்கட்டும்."

ரஞ்சினி தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். போகும்போது, "நீங்கள் எழுதித் தந்தது எண்டபடியால் எனக்குப் பயமில்லை" என்றாள். கதவைச் சாத்திய பிறகு சந்திரகாந்தி அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள்.

சனிக்கிழமை நகர நூலகத்துக்குப் போனாள். உறுப்பினர் அட்டை எடுக்க அடையாளப் பத்திரம் காட்ட வேண்டும் என்பதால் எந்தப் புத்தகத்தையும் அவள் இரவல் எடுத்ததில்லை. ஜெர்மன் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கிற ஒரு இலக்கணப் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்து, யன்னலோரம் நின்றபடியே வாசித்தாள். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை மாற்றக்கூடாது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. மூன்றின் முதலெழுத்துகள் எஸ், வி, ஓ. ஜெர்மனில் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் பெயரிலும் அதே மூன்று முதலெழுத்துகள்தான்; அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்தில் ஒரு மஞ்சள் கார் படம். முன்னால் நிற்பவர் செய்கிறவர், பின்னால் நிற்பவர் படுகிறவர். இடம் மாறினால் ஆள் மாறிவிடும்.

அவள் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருக்கத்தான் வேண்டும். வங்கியில் அடித்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த கடிதங்கள். பெயரும் திகதியும் மட்டும் மாறும். ஒரு மனிதனின் கதையை அவள் ஒருநாளும் இங்கிலீஷில் எழுதியதில்லை, இங்கே வரும்வரைக்கும்.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனாள். காலங்கள் பற்றிய பகுதியில் 'had' வந்தது. அதன் தலைப்பு ஜெர்மனில் 'முன் இறந்தகாலம்'. இறந்தகாலத்தில் நடந்த ஒன்றுக்கும் முதல் நடந்து முடிந்ததற்கு மட்டும் அதைப் போட வேண்டும் என்று இருந்தது. சந்திரகாந்தி அப்படி நினைத்திருக்கவில்லை. நிச்சயமாக நடந்தது, முடிந்துபோனது என்று அழுத்திச் சொல்வதற்கு அந்தச் சொல் என்று நினைத்திருந்தாள். முக்கியமான இடமெல்லாம் அதைப் போடுவாள்.

பையிலிருந்து தம்பித்துரையின் தாளை எடுத்துப் பார்த்தாள். 'I stayed in Colombo three months. The police had arrested me and had beaten me.' தம்பித்துரை சொன்னது, கொழும்பில் ஒரு லொட்ஜில் மூன்று மாதம் இருந்தான், பிறகு பொலிஸ் பிடித்து அடித்தது, விட்ட ஆறாம் நாள் விமானம் ஏறினான் என்று. அவள் எழுதியிருந்ததோ, பொலிஸ் முதலில் பிடித்து அடித்தது, அதற்குப் பிறகு அவன் கொழும்பில் மூன்று மாதம் ஒரு தொல்லையும் இல்லாமல் இருந்தான் என்று. கொழும்பில் பயமில்லாமல் இருக்கலாம் என்று காட்டினால் போதும், இங்கே அசூல் இல்லை. அது எல்லாத் தமிழருக்கும் தெரியும்.

அப்போதுதான் அவளுக்குத் தன் தாள் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். அவளுடைய மனுவை நிராகரித்து முந்தின வருடம் வந்த கடிதம் அதில் இருந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்குத்தான் இன்னும் முடியாமல் கிடந்தது. வந்தபோது அவளுக்கு இவ்வளவு ஜெர்மன் தெரியாது. 'இல்லை' என்ற சொல்லை மட்டும் கண்டுபிடித்து அழுதாள். இப்போது காரணத்தை வாசித்தாள். மனுதாரர் தாக்கப்பட்ட பிறகும் இரண்டு வருடம் வங்கியில் இடையூறில்லாமல் வேலை செய்திருக்கிறார் என்று இருந்தது. அவளை அடித்தது கொழும்பில், வேலையை விட்ட பிறகு, காணாமல் போன கணவனைத் தேடிப் போன இடத்தில். அவள் எழுதிக் கொடுத்தது: 'I worked in the bank two more years. The police had beaten me.'

யாரும் அவளுக்கு அநியாயம் செய்யவில்லை. அவள் எழுதியதை அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்த்தாள். பதினொன்று வரைக்கும் பெயர் ஞாபகம் வந்தது. மரியமலர், ஜேசுரட்ணம் அண்ணை, சோலிங்கனில் இருந்த இரண்டு சகோதரர்கள். அதில் எவருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஒருவரை மட்டும் தெரியும். அவரைப் போன வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய தாளில் என்ன எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அரிசியை உலையில் போட்டதை மறந்து, அடிப்பிடித்த மணம் வந்த பிறகு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை ரஞ்சினியின் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். தம்பித்துரை ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறவன், அன்றைக்கு ஓய்வு. கதையை முழுக்கக் கேட்டான்.

"அப்ப என்ர தம்பி சுட்டவன் எண்டோ கிடக்குது?"

"ஓம் அண்ணை."

"அவன் துவக்கைத் தொட்டும் பாத்ததில்லை."

ரஞ்சினி சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்காவும் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் சந்திரகாந்திக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"லோயரிட்டை நான் போய்ச் சொல்லுறன்," என்றாள் சந்திரகாந்தி.

வழக்கறிஞர் திருமதி வைலரின் அலுவலகம் கொலோனில். தொலைபேசியில் கேட்டபோது அவர் விடுமுறையில் இருக்கிறார், புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். கடிதம் எழுதலாம். ஆனால் எழுதுவதற்குத்தான் அவளுக்கு இப்போது பயம். நேரே போக வேண்டும். அவளுடைய அடையாளப் பத்திரத்தில் வுப்பர்டாலை விட்டு வெளியே போகக்கூடாது என்று முத்திரை குத்தியிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் அனுமதித் தாள் எடுக்க வேண்டும். அங்கே அவளுக்குக் கிடைத்த டேர்மின் வழக்கு முடிந்து மூன்றாம் நாள்.

புதன்கிழமை அனுமதி இல்லாமலேயே ரயில் ஏறினாள். முக்கால் மணி நேரமும் ஆகாத பயணம். பிடிபட்டால் தண்டம், இன்னொரு தரம் பிடிபட்டால் வழக்கு. எல்லாவற்றையும் விட, 'சட்டத்தை மீறினவள்' என்று அவளுடைய கோப்பில் ஒரு தாள் ஏறும். சலவைக்கூடத்துக்குப் போடும் சப்பாத்தை மாற்றி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஒரு ஜெர்மன் பத்திரிகையை வாங்கி விரித்துப் பிடித்தாள்.

சோலிங்கனில் இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். நடைபாதை வழியாக மெதுவாக வந்தார்கள். அவளுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆபிரிக்க இளைஞன் யன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தட்டி எழுப்பினார்கள். அவன் கொடுத்த தாளை ஒருவர் வாசித்து மற்றவரிடம் காட்டினார். சந்திரகாந்தி பத்திரிகையில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடின. பெரிய பொலிஸ்காரரின் பார்வை தன் பக்கம் திரும்புவது தாளுக்கு மேலாகத் தெரிந்தது.  பக்கத்தைப் புரட்டினாள்.

அவர்கள் அந்த இளைஞனை அடுத்த நிலையத்தில் இறக்கிக்கொண்டு போனார்கள். அவன் தொப்பி இருக்கையிலேயே கிடந்தது. தான் தப்பியதில் வந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. கொலோன் வரும்வரைக்கும் அந்தத் தொப்பியைப் பார்க்காமல் இருந்தாள்.

திருமதி வைலர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவள் ஜெர்மனும் இங்கிலீஷும் கலந்து சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இங்கிலீஷ் தாளைக் கையில் எடுத்து அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்.

"இந்த வரி எனக்கும் விசித்திரமாகத்தான் இருந்தது. 'என் தம்பி, படைவீரன், சுட்டான்' என்பதில் இரண்டு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது என்று நானே முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்."

"இப்போது திருத்தி அனுப்பலாமா?"

"அனுப்பலாம். ஆனால் வழக்குக்கு ஆறு நாள் இருக்கும்போது, கதையில் பலவீனமான இரண்டு இடங்கள் மட்டும் மாறுகின்றன. நீதிபதி என்ன நினைப்பார்?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதியவர் நீங்கள். நீங்களே வந்து சொல்ல வேண்டும். சாட்சியாக."

சந்திரகாந்தியின் வழக்கும் அதே நீதிமன்றத்தில் கிடக்கிறது. அங்கே தன் முகத்தை எவ்வளவுக்குக் காட்டாமல் இருக்கிறாளோ அவ்வளவுக்கு நல்லது என்று இருந்தவள்.

"பயமாக இருக்கிறது," என்றாள் கடைசியில்.

"தெரிகிறது. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"வருகிறேன்."

வழக்கறிஞர், அவள் சாட்சி சொல்வதற்காகப் பயணம் செய்கிறாள் என்று, வழியில் பொலிஸ் கேட்டால் காட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தன்னுடைய வழக்கைப் பற்றி அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், தன் வழக்கில் இருக்கிற பிழையைத் திருத்தத்தான் வந்திருக்கிறாள் என்று நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தது.

மிச்ச நாட்களில் வேலை முடிந்த கையோடு நூலகத்துக்குப் போனாள். அந்த இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். விரிப்பு மடிக்கும்போது வாய்க்குள் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தாள். நாய் மனிதனைக் கடித்தது. மனிதன் நாயைக் கடித்தான். கடவுளே, எத்தனை பேருடைய வாழ்க்கையில் நான் நாயை மனிதனாக்கி வைத்தேனோ.

செவ்வாய்க்கிழமை வழக்கு ஒரு சிறிய அறையில் நடந்தது. தனி நீதிபதி, ஐம்பது வயதைத் தாண்டியவர், மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அதைத் தன் சொற்களில் கருவிக்குள் சொல்லுவார். மொழிபெயர்ப்பாளர் சிவகுருநாதன், முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கிற தமிழர். கேட்ட கேள்விக்கெல்லாம் தம்பித்துரை ஒழுங்காகப் பதில் சொன்னான். பிறகு நீதிபதி அந்தத் தாளை எடுத்தார்.

"உங்கள் தம்பி சுடப்பட்டதாக இன்றைக்குச் சொல்கிறீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தில் அவர் படைவீரர், அவர் சுட்டார் என்று இருக்கிறது. எது உண்மை?"

திருமதி வைலர் எழுந்து, வாக்குமூலத்தை எழுதியவர் வந்திருக்கிறார் என்றார். சந்திரகாந்தியை முன்னால் அழைத்தார்கள். பெயர், வயது, தொழில், எந்தத் தகுதியில் இந்த நாட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் கேட்டார்கள். அவள் தமிழில் சொன்னாள். சிவகுருநாதன் ஜெர்மனில் சொன்னார். 

"தமிழில சொற்களை எங்கை வேணுமெண்டாலும் வைக்கலாம் ஐயா. தம்பியை எண்டு சொன்னால், அந்தச் சொல் முதல்ல நிண்டாலும் கடைசியில நிண்டாலும் சூடு பட்டது தம்பிக்குத்தான். நான் அந்த வரிசையிலயே இங்கிலீஷில எழுதிப்போட்டன். இங்கிலீஷில அப்பிடி ஏலாது. எனக்கு அது தெரியேல்லை."

"அந்தத் தமிழ்த் தாள் எங்கே?"

"கிழிச்சுப்போட்டன்."

"ஏன்?"

"மற்றவையின்ர கதையை வைச்சிருக்கப் பயம்."

நீதிபதி அதையும் கருவிக்குள் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் அவள் முன்னால் வைக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ் வாக்கியம் சொல்லுவார், அவள் உடனே அதை இங்கிலீஷில் எழுத வேண்டும்.

சிவகுருநாதன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பெட்டையை ஆசிரியர் கூப்பிட்டார். அதுக்குப் பிறகு அவள் அழுதாள்" என்றார்.

சந்திரகாந்தி பேனாவை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பிழையாக எழுதினால்தான் அவள் சொன்னது உண்மை என்று ஆகும். ஆனால் அவளுக்கு இப்போது சரியாக எழுதத் தெரியும். ஆசிரியர் முன்னால், பெட்டை பின்னால். வேண்டுமென்று பிழையாக எழுதலாம். ஒரு சொல்லை இடம் மாற்றினால் போதும், தம்பித்துரை தப்பிவிடுவான். பேனா முனை தாளில் நின்றது. அறையில் எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் ஒரு பொய் எழுதினால், பிறகு தான் சொல்லும் எதையும் தானே நம்ப முடியாது என்று பட்டது.

சரியாக எழுதினாள்.

நீதிபதி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இதில் பிழை ஒன்றும் இல்லையே."

ரஞ்சினி பின் வாங்கில் மூச்சை இழுப்பது கேட்டது.

"இந்தப் பத்து நாளில படிச்சனான்," என்றாள் சந்திரகாந்தி. "பயத்தில படிச்சது."

"முதல் எப்படி எழுதினீர்கள் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்கிறதா?"

இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே இருந்தது. அவள் கையால் எழுதிய நான்கு பக்கம், அதே மாதிரிப் பிழைகளோடு. அதை அவள் வாய் திறந்து சொன்னால், அவளுடைய வழக்குக்கு நாள் வரும் முன்பே அதை ஒரு நீதிபதி பிரித்துப் பார்ப்பார். தன் பிழையைத் திருத்தவே இந்த நாடகம் என்று நினைக்கலாம். அரைகுறை இங்கிலீஷில் பதினொரு பேருக்கு எழுதிக் கொடுத்தவள் என்று அவள் மேலேயே ஒரு வழக்கு வரலாம். திருப்பி அனுப்பலாம். கொழும்பு விமான நிலையத்தின் நீண்ட வரிசை அவள் கண்ணுக்குள் வந்தது.

"என்ர அசூல் கோப்பு இஞ்சை இருக்குது," என்றாள். கோப்பு இலக்கம் அவளுக்குப் பாடம். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

திருமதி வைலர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சிவகுருநாதன் உடனே மொழிபெயர்க்கவில்லை. தமிழில் மெதுவாக, "தங்கச்சி, யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். சொல்லுங்கோ."

கோப்பை எடுத்துவர நாற்பது நிமிடம் ஆகும் என்று எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் தம்பித்துரை அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்கட கேஸ் பழுதாப்போனால் நான் என்ன செய்யிறது?"

"தெரியேல்லை அண்ணை. எனக்கு இப்ப ஒண்டும் யோசிக்கேலாது."

ரஞ்சினி தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். நடைபாதை சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்திரகாந்தி அதை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

திரும்ப உள்ளே போனபோது நீதிபதியின் முன்னால் அவளுடைய கோப்பு திறந்து கிடந்தது. அவர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு தன் ஜெர்மன் உச்சரிப்பில் வாசித்தார். "My husband the army took."

அவளுடைய கணவன் ஒரு கணித ஆசிரியர். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் தாயைப் பார்க்கத் தீவுப் பக்கம் போனவர். ஆமி கூட்டிக்கொண்டு போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார் நீதிபதி.

"என்ர மனுசனை ஆமி கொண்டு போனது."

ஆறு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவள் எவரிடமும் தமிழில் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிவகுருநாதன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அதை ஜெர்மனில் சொன்னார். ஜெர்மனிலும் கணவன்தான் முதலில் வந்தான். இராணுவம் பின்னால் நின்றது. 'என்' என்ற சொல்லின் முடிவில் இருந்த ஒரு எழுத்து யாரை யார் கொண்டுபோனது என்று காட்டியது.

நீதிபதி நிமிர்ந்தார். "அப்படியென்றால் நம்முடைய மொழி மாதிரித்தான்."

"இந்த விஷயத்தில் அப்படித்தான்," என்றார் சிவகுருநாதன்.

நீதிபதி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்த நான்கு பக்கத்தில் எத்தனை இடத்தில் 'had' வருகிறது என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். அறையில் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கருவியை எடுத்து நீளமாகப் பேசினார். சந்திரகாந்திக்குப் பாதிதான் விளங்கியது. அவள் பெயர் இரண்டு தடவை வந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் வெளியே வந்தாள். அடுத்த கிழமைகளில் தபால்காரன் வாசலில் நின்றால் அவள் கைவேலையை விட்டுவிட்டு ஓடுவாள்.

வைகாசி கடைசியில் தம்பித்துரைக்குத் தீர்ப்பு வந்தது. அவனையும் ரஞ்சினியையும் திருப்பி அனுப்ப முடியாது, அவன் சொன்னது நம்பத்தகுந்தது என்று நீதிமன்றம் எழுதியிருந்தது. ரஞ்சினி கடிதத்தோடு ஓடிவந்து கதவில் நின்று அழுதாள். சந்திரகாந்தி அவளுடைய தலையைத் தடவிவிட்டு, சட்டியில் இருந்த கறியை இறக்கப் போனாள். சந்தோஷம்தான். ஆனால் தன் கோப்பில் இருந்த பென்சில் புள்ளிகளை அவளால் மறக்க முடியவில்லை.

அவளுடைய வழக்குக்குப் புரட்டாதியில் நாள் போட்டார்கள். அதற்கு முன் புதிய வாக்குமூலம் எழுத வேண்டும் என்றார் திருமதி வைலர். அவளுடைய வழக்கையும் இப்போது அவரே எடுத்திருந்தார். இந்த முறை அனுமதித் தாளோடு கொலோன் போனாள். இரண்டு பேரும் மேசையில் அருகருகே இருந்து ஒவ்வொரு வரியாக எழுதினார்கள். வங்கி வேலை, கொழும்பு, பொலிஸ், அடி எல்லாம் நடந்த வரிசையில் வந்து உட்கார்ந்தன. கணவனைப் பற்றிய முதல் வரியில் வழக்கறிஞரின் பேனா நின்றது.

"உங்கள் கணவர் ஆசிரியராக இருக்கிறார். அல்லது இருந்தார். எதை எழுத?"

'இருந்தார்' என்றால் சந்திரகாந்தி தன் கையாலேயே அவரை முடித்துவிடுவதாக இருக்கும். 'இருக்கிறார்' என்றால் நீதிபதி, எங்கே என்று கேட்பார். நூலகப் புத்தகத்தின் எல்லாக் காலங்களையும் மனதுக்குள் புரட்டினாள். அவருக்கு ஏற்ற ஒன்று அதில் இல்லை. தமிழிலும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் எல்லாரும் அவளிடம் 'ஏதும் தெரிய வந்ததோ' என்று மட்டும்தான் கேட்டார்கள். ஒருவரும் வினைச்சொல் கேட்கவில்லை.

"வெறுமையாக விட முடியாதா?"

"முடியாது," என்றார் திருமதி வைலர். அவசரப்படுத்தவில்லை. எழுந்து போய் யன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

"இருக்கிறார்," என்றாள் சந்திரகாந்தி.

புரட்டாதியில் அதே நீதிபதிதான் இருந்தார். அவர் அந்த வரியில் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். நின்றார். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை ஐயா. செத்திட்டார் எண்டதுக்கும் என்னட்டை ஒண்டும் இல்லை."

சிவகுருநாதன் அதைச் சொன்னார். நீதிபதி கருவியை வாயருகே கொண்டுபோனார்.  பிறகு அவள் சொன்ன இரண்டு வாக்கியத்தையும், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், பதிவு செய்தார்.

கார்த்திகையில் தீர்ப்பு வந்தது. அவள் இந்த நாட்டில் இருக்கலாம். கடிதத்தின் நடுவில், கணவரைப் பற்றி எழுதியிருந்த பந்தியை முதலில் தேடினாள். ஒவ்வொரு வினைச்சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். நிகழ்காலத்திலேயே விட்டிருந்தார்கள்.